முதலில் அந்தக் கைகளை விடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் முடிந்ததிலிருந்து தாய்ப்பாலுடன் திட உணவும் கொடுத்து வருகிறேன். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில், எதையும் மிக்சியில் அரைத்து வடிகட்டி, நீர்க்கத்தான் கொடுக்கிறேன். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். தட்டிவிடுவாள் என்பதால் அவள் அப்பா இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார், நான் ஊட்டுவேன். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பசியைத் தூண்ட ஏதாவது டானிக் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டானிக் கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது டானிக் அல்ல; "அவள் அப்பா இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார்" என்று போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வரிதான். அதை நீங்கள் ஒரு குறையாகக்கூட எழுதவில்லை, கணவர் செய்யும் ஒத்தாசையாகவே எழுதியிருக்கிறீர்கள்.

பேச்சு வராத குழந்தை "போதும்" என்பதையும் "வேண்டாம்" என்பதையும் தலையைத் திருப்பியோ, கையால் தள்ளியோ, வாயை மூடியோதான் சொல்ல முடியும். கைகள் உங்கள் கணவரின் பிடியில் இருக்கின்றன. தலையைத் திருப்பினால் கரண்டியும் கூடவே திரும்புகிறது. அவள் வசம் மிஞ்சியிருப்பது வாய் ஒன்றுதான், அதை இறுக மூடிக்கொள்கிறாள். இதற்குப் பசியின்மை என்று நீங்களே பெயர் வைத்து மருந்தும் தேடுகிறீர்கள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து ஒன்பது மாதக் குழந்தையை மடக்கி உட்காரவைத்து வாயில் திணிப்பதை ஊட்டுவது என்று நான் சொல்லமாட்டேன்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சிறு பொருளைப் பொறுக்கும் திறன் பெரும்பாலும் இந்த ஒன்பதாம் மாதத்தை ஒட்டித்தான் கைகூடுகிறது. தரையில் கிடக்கும் நூல் துணுக்கைக்கூட விடாமல் எடுத்து வாயில் வைத்துப் பார்க்கிற வயது இது. அந்த ஆர்வம் முழுவதும் உணவின் பக்கம் திரும்பவேண்டிய நேரத்தில்தான் கைகளைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள். நன்றாக வேகவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்குகிற காய்கறித் துண்டு ஒன்றை அவள் முன்னால் வையுங்கள். பிசைவாள், முகத்தில் பூசிக்கொள்வாள், பாதியைக் கீழே போடுவாள். அதற்கு நடுவே அவள் வாய்க்குள் போவது கொஞ்சமாக இருந்தாலும், அதை அவளே தின்றிருப்பாள்.

நீர்க்கக் கொடுப்பதும் தவறு. குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தைக்கு 240 மில்லிலிட்டர். அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு எடை ஏறவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. கரண்டியைச் சாய்த்தாலும் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக, கையால் மசித்து, சிறு கட்டிகளோடு கொடுங்கள். பத்து மாதம் தாண்டியும் கட்டியான உணவைப் பழகாத குழந்தைகளிடம் பின்னாளில் சாப்பாட்டுத் தகராறு அதிகம் காணப்படுகிறது. பழகும்போது குழந்தை ஓங்கரிப்பது இயல்பு: முகம் சிவக்கும், சத்தம் வரும், தானே வெளியே தள்ளிவிடும். அஞ்சவேண்டியது சத்தமே வராமல் மூச்சடைப்பதற்குத்தான். முழுக் கொட்டைகள், முழுத் திராட்சை, கடினமான பச்சைக் காய்த் துண்டுகள் வேண்டாம்; சாப்பிடும்போது அருகிலிருந்து யாரும் எழுந்து போகவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. முட்டை, பருப்பு, மீன், இறைச்சி என இரும்புச்சத்துள்ளவற்றில் உங்கள் வீட்டில் உண்பதைத் தினமும் சேருங்கள், ஏனெனில் பிறக்கும்போது உடலில் இருந்த இருப்பு ஆறு மாதத்துக்குப் பிறகு போதாது.

பசிக்கென்று டானிக் தேவையில்லை. எடை சரியாக ஏறவில்லை என்றாலோ, விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்; இரும்புச்சத்து மருந்து வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

இனி உங்கள் கணவருக்கு. மகள் சாப்பிடும் நேரத்தில் தகப்பனின் இடம் அவள் முதுகுக்குப் பின்னால் அல்ல, எதிரில், தன் தட்டோடு. பெற்றவர்கள் மென்று விழுங்குவதைப் பார்க்காத குழந்தை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது உங்கள் இருவரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது அவள் பொறுப்பு. இந்த எல்லையைத் தாண்டுவதைப் பாசம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு நாளில் மூன்று நான்கு வேளை வையுங்கள், வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், இன்று ஒதுக்கியதை இன்னொரு நாள் மீண்டும் வையுங்கள். எட்டு பத்து முறை சுவைத்த பிறகே ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு.

இன்றைக்கே அவள் இருக்கைக்குக் கீழே ஒரு பழைய துணியை விரித்துவிட்டு, அவள் முன்னால் கிண்ணத்தை வையுங்கள். உங்கள் கணவரின் கைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சாப்பிட்டு முடித்ததும் அந்தத் துணியை அவர் அலசிப் போடட்டும்.