ஆலோசனைக்கு எங்கே போவது? குமுளி, கம்பம் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தோட்டப் பகுதிகளில் நெடுங்காலம் குடும்ப ஆலோசனைப் பணியில் இருந்தவள் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கம்பம்: கம்பத்தில் வீடு, தினமும் ஜீப்பில் கேரளத்துக் குமுளிக்கு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். கணவர் அடிக்கிறார். இங்கே கேட்டால் "வேலை பார்க்கும் ஊரில் சொல்" என்கிறார்கள். மேலே கேட்டால் "நீ தமிழ்நாட்டு ஆள்" என்கிறார்கள். எந்தப் பக்கம் போவது அக்கா?

பதில்: எந்தப் பக்கமும் போகலாம் அம்மா. உங்களைத் திருப்பி அனுப்ப இருவருக்குமே உரிமை இல்லை. பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாக வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ கூட மனுச் செய்யலாம் என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 27ஆம் பிரிவில் சொல்கிறது. கம்பம் இருக்கும் தேனி மாவட்டமும் சரி, குமுளி இருக்கும் இடுக்கியும் சரி. எங்கே பாதுகாப்பு ஆணை வாங்கினாலும் அது நாடு முழுவதும் செல்லும்.

இந்தச் சட்டப்படி உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் வாயால் சொன்னாலே போதும். அவர் அதை எழுதி, நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது விதி. நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, அது எப்படி வந்தது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தங்க இடமில்லையென்றால் பெண்கள் உதவி எண் 181ஐ அழைத்து, முதலில் மாவட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் 'சகி' மையத்தில் சில நாள் தங்கலாம். ஆலோசனையும் சட்ட உதவியும் அங்கேயே இலவசம். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் அமைப்பு நடத்தும் 'ஸ்நேகிதா' மையங்களும் உண்டு.

வண்டிப்பெரியாறு: மலையாளத்தில் மனம்விட்டுப் பேச வராது. தமிழில் பேச ஆள் உண்டா? செலவு?

பதில்: 14416. தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் உண்டு, தமிழும் உண்டு, கட்டணம் இல்லை. நேரில் பார்க்க, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று ஊர்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.

கூடலூர்: கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்க, குடியை நிறுத்தும் பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அதற்கு மேல் அவர் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல வருடம் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் வலிப்பும் புத்திக் குழப்பமும் வரலாம்; மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அழைக்க வேண்டிய போதை மீட்பு உதவி எண் 14446.

சின்னமனூர்: தம்பி பட்டாவை மாற்றிக்கொண்டான்.

பதில்: இது என் துறை இல்லை. இலவச சட்ட உதவி எண் 15100ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

உத்தமபாளையம்: ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்த குடும்பங்கள் எத்தனையோ. அதுவும் ஆலோசனைதானே அம்மா? கேஸ் என்று போனால் குடும்பம் உடைகிறதே.

பதில்: ஐயா, வரப்புத் தகராறுக்கும் கடன் பாக்கிக்கும் பெரியவர்கள் வரட்டும். அடி வாங்கியவளையும் அடித்தவனையும் ஊர் முன்னால் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் அவள் எதைப் பேசுவாள்? இரவில் அதே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்? குடும்பத்தை உடைப்பது கேஸ் இல்லை, அடி.

உத்தமபாளையம்: அப்படியானால் சமரசமே கூடாதா? அவன் பக்கத்து நியாயத்தை யார் கேட்பது?

பதில்: சமரசத்துக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நீதிபதி இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, அடித்ததற்குக் காரணம் சொல்லி நியாயப்படுத்த அங்கே அனுமதி இல்லை. இனி செய்ய மாட்டேன் என்று அவன் உறுதி தர வேண்டும். எழுத்தில் இரு தரப்பும் ஒப்பினால் தவிர, உறவினர் ஆலோசகராக இருக்க முடியாது. உங்கள் கூட்டத்தில் இந்த மூன்றில் எது இருக்கிறது? "சோறு தாமதம், அதனால் கை நீட்டினேன்" என்பதை ஊரே தலையாட்டிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கம்பமெட்டு: அக்கா சொல்வது உண்மை. எங்கள் கூட்டத்தில் என்னிடம்தான் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள்.

பதில்: அந்தக் காகிதம் உங்களைக் கட்டுப்படுத்தாது தங்கச்சி. முதல் பதிலில் சொன்னபடி இப்போதும் மனுச் செய்யலாம்.

போடி: இலவச ஆலோசனை எங்கே கிடைக்கும்?

பதில்: வண்டிப்பெரியாறுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சக்குபள்ளம்: தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்துவிடுவேன் என்று மகன் சொல்கிறான். மிரட்டல் என்கிறார் அவன் அப்பா.

பதில்: மிரட்டல் என்று விடாதீர்கள். இன்றே மருந்து முழுவதையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். அதைப் பூட்டி வைக்கும் இடத்தின் சாவி அவன் கைக்குப் போகக் கூடாது. "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. தனியாக விடாமல், அவன் பக்கத்தில் இருந்தே 14416ஐ அழையுங்கள். ஏதாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வழக்கு வரும் என்று தாமதிக்காதீர்கள்: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

பீர்மேடு: லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவர் காதுக்குப் போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆலோசகரிடம் சொன்னது வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குப் போகுமா?

பதில்: போகக் கூடாது. சிகிச்சையில் சொன்னதை இரகசியமாகக் காக்க, மேலே சொன்ன மனநலச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் விலக்கு. உட்கார்ந்ததும் "இதை யாரிடம் சொல்வீர்கள், எங்கே எழுதி வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கதையைச் சொல்லாமல் எழுந்து வந்து, வேறு ஆளைக் கேளுங்கள்.