திகார் என்ன ஓட்டலா?

கேள்வி: திகார் சிறையில் தியான வகுப்பு, டிவி, பேக்கரி எல்லாம் உண்டாமே! குற்றவாளிகளை இப்படிச் சீராட்டினால் யாருக்குத்தான் பயம் இருக்கும்? (வாசகர், மதுரை)

பதில்: தியானம் நிஜம்தான். 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் 10 நாள் விபாசனாவில் உட்கார்ந்தார்கள். பத்து நாள் வாய் திறக்காமல் இருப்பதை எந்த ஓட்டலும் வசதி என்று விளம்பரம் செய்வதில்லை. பேக்கரியும் நிஜம். ஆனால் ‘குற்றவாளிகள்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 2022 இறுதிக் கணக்குப்படி டெல்லிச் சிறைகளில் இருந்த 10 பேரில் 9 பேர் விசாரணைக் கைதிகள். எந்த நீதிபதியும் இன்னும் எழுதாத தீர்ப்பை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

சீராட்டலின் லட்சணம்: அதே 2022 கணக்கில் 100 பேருக்கான இடத்தில் சுமார் 185 பேர். படுக்க, குளிக்க, டாக்டரைப் பார்க்க எல்லாவற்றுக்கும் வரிசை. வரிசை நீண்டால் அதில் முன்னே போக ஒரு விலை முளைக்கும். இது நேற்று வந்த வியாதியும் இல்லை. திகாரில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்க்க வரும் உறவினர்களிடம் காசு கறக்க ஒரு வார்டர் (சிறைக் காவலர்) சக கைதியைச் சித்திரவதை செய்தார் என்பது புகார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பில்தான் சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார்கள். அதைத் திறக்கும் பொறுப்பை ஜெயிலரிடம் விடாமல் மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி பக்கம் வைத்தார்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கூட்டம் குறையாததற்கு ஒரு காரணம் ஜாமீன். உத்தரவு கிடைக்கும், இரண்டு ஜாமீன்தாரர், சொத்துப் பத்திரம் என்று நிபந்தனை போடுவார்கள். பீகாரிலிருந்து கூலி வேலைக்கு வந்தவனுக்கு டெல்லியில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே கிடப்பான்.

இதற்கு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 31 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் தர முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம். அடுத்தது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு: அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே கழித்தவருக்கு ஜாமீன், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும். மனுப் போட வேண்டியவர் கண்காணிப்பாளர்தான். ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. பிக்பாக்கெட் ஆசாமிகள் பலரும் மாட்டுவது இந்த ஓட்டையில்தான்.