வலி போய்விட்டது, காயம் போகவில்லை

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது, ஊர் கால்பந்து அணியில் விங்கில், அதாவது ஓரத்தில் ஓடி ஆடும் இடத்தில் ஆடுகிறான். போன மாதம் வேகமாக ஓடும்போது தொடைக்குப் பின்னால் நரம்பு சுண்டிக்கொண்டது. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டதே என்று இறங்கினான், மறுபடி அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கு முன் காலை நன்றாக நீட்டி மடக்கித்தான் இறங்குகிறான். அப்புறமும் ஏன் இப்படி?
– வாசகர், குமரி மாவட்டம்

பதில்: நரம்பு என்று நாம் சொல்வது பழக்கத்தில்தான், அடிபட்டது ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைத் தசை. முழு வேகத்தில் ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு அந்தத் தசை நன்றாக நீண்டிருக்கும், அதே நொடியில் முன்னே பாயும் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை அதுதான் இழுத்து நிறுத்தவும் வேண்டும். நீண்டுகொண்டே பிடிக்கும் அந்தச் சமயத்தில்தான் கிழிகிறது. களைத்துப்போன தசைக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். ஆட்டத்துக்கு முன் நின்ற இடத்திலேயே காலை நீட்டிப் பிடிப்பது மட்டும் இதற்குப் போதாது, நீண்ட நிலையில் தாங்கும் பலம் வேண்டும்.

ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட தசைதான் மறுபடி அடிபட அதிக வாய்ப்புள்ளது. 2014 மே மாதம் ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் கால்பந்து அணி வீரர் டியேகோ கோஸ்டாவுக்கு உள்நாட்டு லீக்கின் கடைசி ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் போனது. ஒரே வாரத்தில் லிஸ்பனில், ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதி ஆட்டம். செர்பியாவின் பெல்கிரேடு வரை போய் குதிரை நஞ்சுக்கொடிச் சிகிச்சை எல்லாம் செய்துகொண்டு இறங்கியவர் 9-வது நிமிடத்திலேயே வெளியேற வேண்டியதாயிற்று. அவ்வளவு வசதி உள்ளவருக்கே அந்தக் கதி, தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நார்டிக் என்றொரு பயிற்சி இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். புல்லிலோ பாயிலோ மண்டியிட வேண்டும், கூட்டாளி ஒருவர் கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். இடுப்பை மடக்காமல் முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்து முன்பக்கம் மெதுவாகச் சாய வேண்டும், பின்தொடை நடுங்க நடுங்கப் பிடித்து, இனி முடியாது என்னும்போது உள்ளங்கையை ஊன்றி விழலாம். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முதலில் தொடை வலிக்கத்தான் செய்யும், ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். டென்மார்க்கில் 900-க்கும் மேற்பட்ட வீரர்களை வைத்து ஆராய்ந்ததில் இதைச் செய்தவர்களுக்குக் காயம் வெகுவாகக் குறைந்தது, அதிலும் முன்பே அடிபட்டவர்களுக்குத்தான் பலன் மிக அதிகம். ஆனால் தம்பி இதை இப்போதே ஆரம்பிக்கக் கூடாது, பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்ற பிறகுதான்.

நடக்கும்போது வலி இல்லை என்பது கணக்கே இல்லை. பயிற்சியில் முழு வேகத்தில் பல தடவை ஓடியும் தயக்கமோ இறுக்கமோ இல்லாமல், இரண்டு காலிலும் ஒரே பலம் இருந்தால்தான் மைதானம். அதுவரை மற்ற ஆட்டக்காரர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அனுப்பாதீர்கள்.

அடிபட்டபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டதா, முழங்கால் பின்பக்கம் வரை கன்றிப்போனதா என்று அவனிடம் விசாரியுங்கள். ஆம் என்றால் தசைநார் எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கலாம், எண்ணெய் தடவி உருவிவிடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டி உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.