ஈட்டியை விடுமுன்: பைக்கா, மஸ்கியா?

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டாவில், உறைந்த ஏரிமேல் போட்ட இருட்டுக் குடிலில் உட்கார்ந்து, பனித்துளை வழியே ஈட்டியால் பைக் மீன் குத்தப் பழகுகிறேன். அதன் உறவு மீனான மஸ்கியைக் குத்தக் கூடாது என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

பதில்: முதுகை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலா தெரிய வேண்டும். நார்தர்ன் பைக்குக்குக் கரும்பச்சை உடல். அதில் அவரை விதை அளவில் வெளிர் புள்ளிகள் வரிசையாக ஓடும். மஸ்கிக்கு இது தலைகீழ்: வெளிர் உடலில் கரும்பட்டை அல்லது கரும்புள்ளி. அடுத்து வால். பைக்கின் வால்நுனி உருண்டிருக்கும், மஸ்கிக்குக் கூராக இருக்கும். கீழ்த்தாடைத் துளைகளை எண்ணுவதும் நல்ல சோதனைதான் (பக்கத்துக்கு 5 அல்லது குறைந்தால் பைக், 6 முதல் 9 வரை என்றால் மஸ்கி). ஆனால் அது கையிலிருக்கும் மீனுக்கு. நீரில் நிற்கும் மீனுக்கு உதவாது.

மீன் நேர் கீழே அசையாமல் நின்றால், மீனை ஈர்க்கக் கயிற்றில் தொங்கவிடும் போலி மீனை மெல்ல ஓரடி உயர்த்தி வட்டமடிக்க விடுங்கள். பின்தொடரும் மீன் திரும்பும்போது விலாவும் வாலும் ஒருசேரத் தெரியும். ஈட்டியின் பற்களை முன்கூட்டியே நீருக்குள் இறக்கி வைத்திருந்தால் சலசலப்பில்லாமல் காத்திருக்கலாம். குடிலின் அடியில் ஒளி கசிந்தால் நீர்ப்பரப்பு கண்ணாடியாகி நிறத்தை மறைக்கும். சுற்றிலும் பனியை அணைத்து அடையுங்கள்.

கேள்வி: வால் உருண்டை, உடலிலோ பட்டைகள். இது என்ன?

பதில்: டைகர் மஸ்கியாக இருக்கலாம். பைக்கும் மஸ்கியும் கலந்த இனம்; இதையும் குத்தக் கூடாது. வாலை மட்டும் நம்புகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இளம் பைக்கிலும் பட்டை உண்டு, ஆனால் அது கரிய உடலில் வெளிர் பட்டை. எது கருப்பு, எது வெளிர் என்பதே கேள்வி.

கேள்வி: புள்ளியோ பட்டையோ இல்லாத மீன் வந்தது.

பதில்: பைக்கின் ஒரு நிறவகையான சில்வர் பைக்குக்குக் குறியே இல்லை. சில மஸ்கிகளுக்கும் இல்லை. விட்டுவிடுங்கள்.

கேள்வி: 26 அங்குலம் இருக்கும் என்று குத்தினேன், அளந்தால் 23. ஏன்?

பதில்: நேர் மேலிருந்து பார்த்தால் நீரின் ஆழம் முக்கால்தான் தெரியும். 12 அடியில் நிற்கும் மீன் 9 அடியில் நிற்பதாகத் தோன்றும். அதனால் பெரிதாகவும் தெரியும். மினசோட்டாவின் வட-மத்திய மண்டலத்தில் 22-க்கும் 26-க்கும் இடைப்பட்ட பைக்குக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, தெற்கில் குறைந்தது 24 அங்குலம் வேண்டும். ஆகவே இந்த மூன்று அங்குலம் சிறிய விஷயமல்ல. ஒரு வெள்ளை பிவிசி குழாயில் 22, 24, 26 அங்குலத்தில் கறுப்பு நாடா சுற்றிக் கயிற்றில் கட்டி, போலி மீனின் ஆழத்திலேயே கிடையாகத் தொங்க விடுங்கள். ஏரித் தரையில் கிடத்தினால் அளவு ஏமாற்றும். மேலே நிற்கும் மீன் இன்னும் நீளமாகத் தெரியும்.

கேள்வி: பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் வின்னபேகோ ஏரியில் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனுக்கும் இதே முறையா?

பதில்: அங்கே குறைந்தபட்சம் 36 அங்குலம், குழாயையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். நீண்ட மூக்கு, அதன் அடியில் நான்கு மீசை, மேல்மடல் நீண்ட வால் ஆகியவை அடையாளம். பெண் ஸ்டர்ஜன் முதல்முறை முட்டையிடவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். மினசோட்டா இருட்டுக் குடிலிலிருந்து ஸ்டர்ஜனைக் குத்தவே கூடாது.

கேள்வி: தவறாகக் குத்திவிட்டால் திரும்ப விடலாமா?

பதில்: ஈட்டி தைத்த மீன் பெரும்பாலும் பிழைக்காது. மறைக்காமல் உடனே மாநிலப் பாதுகாப்பு அதிகாரியை அழைத்துச் சொல்லுங்கள்.