பல் டாக்டர் பதில்கள்: பல்லுக்குள் என்ன வைக்கிறார்கள்?

கேள்வி: டாக்டரம்மா, என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் (பல்வேர் சிகிச்சை) செய்ய வேண்டுமாம். சாதாரண அடைப்பைவிட ‘பயோசெராமிக்’ அடைப்புக்கு 400 மலேசிய வெள்ளி கூடுதல். புதிய ஆராய்ச்சியில் வந்தது, அதையே போடுங்கள் என்கிறார் அங்குள்ள டாக்டர். வைப்பதெல்லாம் ரப்பர்தான் என்கிறார் என் அண்ணி. என்ன செய்வது?
— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் அண்ணி கெட்டிக்காரர். வைப்பது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். ரப்பருக்கு உறவு, ஆனால் மரம் வேறு. நம் மலாயாக் காட்டு மரம்தான். 1843இல் மோண்ட்கோமரி என்ற டாக்டர் சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். பிறகு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போடுவதற்காக அந்த மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். 1867இல் அமெரிக்கப் பல் மருத்துவர் போமன் அதைப் பல்வேருக்குள் அடைத்தார். இன்றும் அதையேதான் அடைக்கிறோம். வேருக்குள் நுழைக்கும் இப்போதைய கட்டாபெர்ச்சாக் குச்சிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பால். மிகுதியில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு.

கட்டாபெர்ச்சாவை ஒழித்துக்கட்ட முயலாமல் இல்லை. 2004 வாக்கில் ரெசிலான் என்ற செயற்கைப் பொருள் வந்தது. வேரின் சுவரோடு ஒட்டி ஒரே கட்டியாகிவிடும் என்று கொண்டாடினார்கள். சில ஆண்டுகள் கழித்து நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது பல பற்களில் தோல்வி. இன்று அது கடையில் கிடைப்பதில்லை. ‘புதிய ஆராய்ச்சி’ என்று யாராவது சொன்னால், எத்தனை ஆண்டு நோயாளிகளைப் பார்த்த ஆராய்ச்சி என்று நான் கேட்பது அதனால்தான்.

கட்டாபெர்ச்சா தானாக ஒட்டாது. இடுக்குகளை நிரப்ப ஒரு பசை வேண்டும். உங்களிடம் சொன்ன பயோசெராமிக் பெரும்பாலும் அந்தப் பசைதான். வீடு கட்டும் சிமெண்டுக்குச் சொந்தம். 1993இல் டொராபினெஜாட் குழுவினர் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்ட் அந்த சிமெண்டிலிருந்தே பிறந்தது. ஈரத்திலும் இறுகும் நல்ல பொருள். வேரில் ஓட்டை விழுந்தாலோ, சிறுபிள்ளையின் பல்லில் வேர்நுனி மூடாமல் இருந்தாலோ நானே இந்த வகையைத்தான் கேட்டு வாங்குவேன். சாதாரண ரூட் கெனாலிலோ, பழைய ரெசின் (பிசின்) பசைக்கும் இதற்கும் குணமாகும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இறுகிவிட்டால் மறுசிகிச்சைக்குத் தோண்டி எடுப்பதும் சிரமம்.

அந்த 400 வெள்ளியைக் கிரவுனுக்கு, அதாவது பல்லின்மேல் மாட்டும் உறைக்கு, எடுத்து வையுங்கள். 1995இல் ரே, ட்ரோப் இருவரும் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து, உள்ளே அடைத்ததைவிட மேலே மூடியதன் தரமே வேர்நுனியின் நலத்தோடு அதிகம் தொடர்புடையது என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டுமே முக்கியம் என்கின்றன. எங்கள் டத்தோ கிராமட் கிளினிக்குக்கு, ரூட் கெனால் முடித்துவிட்டுத் தற்காலிக அடைப்போடு தீபாவளி, பொங்கல் எல்லாம் கொண்டாடிவிட்டுப் பல் பிளந்தபின் வருகிறவர்களே அதிகம். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் டேம் போட்டு, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் மருந்தால் கழுவுவீர்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பல்வலிக்குக் கிராம்புத் தைலம் விட்டால் போதாதா?
— ஒரு வாசகர், பாலிக் புலாவ்

பதில்: கிராம்பு விளையும் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா! அதிலுள்ள யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து நாங்களும் பசையாக்குகிறோம். ஆனால் தைலம் வலியை மட்டும் மரக்கச் செய்யும். வேருக்குள் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். பல்லின் நரம்பு செத்தாலும் வலி நின்றுவிடும். ஆகவே வலி போய்விட்டது என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.