காருக்கு மேம்பாலம், மாமியாருக்கு?

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மாமியாருக்கு 78 வயது, பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டது. 2023 மிக்ஜாம் புயலில் கரன்ட் போய் லிஃப்ட் நின்றதும் நாலு பேர் போர்வையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள், அப்போது பிடித்த தோள்வலி இன்னும் விடவில்லை. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராது, அடுத்த முறை இறங்கவே வேண்டாம் என்கிறார் என் கணவர்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: தண்ணீர் வராதுதான், ஆனால் மற்றதெல்லாம் போய்விடுமே. தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியமே கரன்ட்டை நிறுத்திவிடும். ஜெனரேட்டர் பெரும்பாலும் கார் நிறுத்தும் தளத்தில்தான் இருக்கும், முதலில் மூழ்குவதும் அதுதான். மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் இல்லை, ஏர் பெட் வைத்திருந்தால் அதன் பம்ப்பும் நின்று ஒன்றிரண்டு நாளிலேயே முதுகில் புண் வர ஆரம்பிக்கும். மிக்ஜாமில் போன் டவரும் பல இடங்களில் படுத்துவிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ரெட் அலர்ட் என்றதும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற ஊர் உங்களுடையது. மாமியாரையும் அன்றைக்கே, லிஃப்ட் ஓடும்போதே, ரோடு காய்ந்திருக்கும்போதே மேடான பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மழை பெய்யாமல் போனால் ஒரு ஆட்டோ காசு நஷ்டம், அவ்வளவுதான். யார் வீட்டுக்கு, எந்த வண்டியில் என்பதை அக்டோபருக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், மழை கொட்டும்போது பேச உட்கார்ந்தால் ஆளுக்கொரு யோசனை வரும். அந்தப் பேச்சில் மாமியாரும் இருக்கட்டும். யார் வீட்டில் தங்கச் சங்கடமில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

அதையும் மீறி மாடியிலிருந்து தூக்க வேண்டி வந்தால் போர்வை வேண்டாம். கைப்பிடி உள்ள உறுதியான மர அல்லது இரும்பு நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பையும் மார்பையும் துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி படியில் முறிந்தாலும் முறியும். வலது கையை இடது கையால் மடித்து மார்போடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தக் கையையோ அக்குளையோ பிடித்து யாரும் தூக்கக் கூடாது, செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டு சுலபமாக நழுவும் (போன முறை தோளுக்கு என்ன ஆனது என்று எலும்பு மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்). இறங்கும்போது அவர் முகம் கீழ்ப்படியைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடிக்க, முன்னால் ஒருவர் நாற்காலியின் முன்கால்களைப் பிடிக்க, மூன்றாவது ஆள் படியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகட்டும். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு ஆள் யாரையாவது உட்கார வைத்து ஒரு மாடி இறக்கிப் பாருங்கள், படி வளைவில் நாற்காலி திரும்புமா என்பது அப்போதுதான் தெரியும்.

பையில் ஒரு வாரத்து மாத்திரை, டயப்பர், மருந்துச் சீட்டின் நகல். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், சார்ஜ் போனால் அதுவும் போச்சு. இன்சுலின் போடுபவர் என்றால் ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் உதவாது.

கேள்வி: முடிச்சூரில் தனியாக இருக்கும் அப்பா, வெள்ளம் வந்தாலும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். 2015-லும் இதே பிடிவாதம்தான். எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், பெங்களூரு

பதில்: திருட்டுப் பயம், வளர்க்கும் நாய் என்று பல காரணம் சொல்வார். வாய்விட்டுச் சொல்லாத காரணம் பெரும்பாலும் கழிப்பறை. முகாம் என்பது ஏதாவது ஒரு பள்ளிக்கூடமோ சமூகக்கூடமோதான், அங்கே உட்கார்ந்து எழ வேண்டிய கழிப்பறை, முட்டிவலிக்காரருக்கு அது பெரிய தண்டனை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மடக்கும் கமோட் நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்து, எங்கே போனாலும் இது கூடவே வரும் என்று சொல்லிப் பாருங்கள். நாய்க்கும் இடம் பார்த்து வையுங்கள். போனில் மிரட்டுவதை நிறுத்திவிட்டு, அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் பக்கத்துத் தெரு நண்பரைப் பேசச் சொல்லுங்கள், மகன் சொன்னால் ஏறாதது நண்பர் சொன்னால் ஏறும்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் காது கேட்காது. ஒலிபெருக்கியில் சொல்லிப் போனால் எங்களுக்கு எப்படித் தெரியும்?
– வாசகர், கடலூர்

பதில்: கதவைத் தட்டினாலும் பயனில்லை என்பதால், நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள், உள்ளே வந்து டார்ச் அடித்து எழுப்பட்டும். பேரிடர் கட்டுப்பாட்டு அறைகளின் 1070 (மாநிலம்), 1077 (மாவட்டம்) இரண்டும் பேசும் எண்கள், உங்கள் சார்பில் யார் கூப்பிடுவார்கள் என்பதையும் அவரிடமே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எனவே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். வீட்டு முகவரியோடு, குறுஞ்செய்தியில்தான் தகவல் வேண்டும், ஆள் நேரில் வந்தால் எழுதிக் காட்ட வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, மனு பெற்றதற்கு ரசீதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.