வீட்டுக் கதவைத் திறக்கும்போது மட்டும் ஏன் அடக்க முடியவில்லை?

கேள்வி: வயது 41, பள்ளி ஆசிரியை. பள்ளிக் கழிப்பறை சரியில்லாததால் காலை 8 மணிக்கு வீட்டில் சிறுநீர் கழித்தால், மறுபடி மாலை 5 மணிக்கு வீடு வந்துதான். பகலில் தண்ணீரும் குடிப்பதில்லை. பஸ்ஸில்கூட அடக்கிக்கொண்டு வருகிறேன். பூட்டில் சாவியை நுழைத்ததும் ஒரு நொடி தாங்குவதில்லை. சில நாள் புடவை நனைந்துவிடுகிறது. சிறுநீர்ப்பை கெட்டுவிட்டதா டாக்டர்?

பதில்: வெட்கத்தை விட்டுக் கேட்டது நல்லது. இதே தொல்லையை வெளியில் சொல்லாமல் வருடக்கணக்கில் சுமக்கிற பெண்கள் ஏராளம்.

சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி சிறுநீரை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. 9 மணி நேரத்தில் அது 540 மில்லி. பை சௌகரியமாகத் தாங்குவது 400 முதல் 500 மில்லி வரைதான். தண்ணீரைக் குறைத்தால் அளவு குறையும், உண்மைதான். ஆனால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், கிருமித் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை சுமார் 4 செ.மீ. நீளம்தான் என்பதால் கிருமி உள்ளே ஏறுவது சுலபம்.

பை நிரம்பும்போது அதன் சுவர்த் தசை தளர்ந்து இடம் கொடுக்கும்; கீழே வாயைச் சுற்றியுள்ள சுருக்குத் தசை இறுகிப் பிடித்திருக்கும். சுமார் 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். ‘இப்போது வேண்டாம்’ என்று மூளையின் முன்பகுதி தடுத்து வைக்கும். அந்தத் தடை விலகியதும் மூளைத்தண்டிலிருந்து உத்தரவு இறங்கும்: சுருக்குத் தசை தளரும், பையின் சுவர் இறுகிப் பிழியும்.

உங்களுக்குச் சிக்கல் அந்தத் தடையில்தான். தினமும் கதவு திறந்ததும் கழிப்பறைக்கு ஓடி ஓடி, ‘சாவி என்றால் அனுமதி’ என்று மூளை பழகிவிட்டது. நீங்கள் உள்ளே போகும் முன்பே பை பிழியத் தொடங்கிவிடுகிறது. பழகியதை மாற்றிப் பழக்கலாம்.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். ஓடினால் வயிற்றின் அழுத்தம் கூடும், கசிவும் கூடும். அப்படியே நில்லுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல அடியிடுப்புத் தசையை ஐந்தாறு தடவை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். அந்தத் தசை இறுகினால் பையின் பிழிவு தானாகத் தணியும். அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். இறங்கிய பிறகு நிதானமாகக் கதவைத் திறந்து, கைப்பையை வைத்துவிட்டு, அப்புறம் நடந்து போங்கள். முதல் சில நாள் தோற்கலாம், விட்டுவிடாதீர்கள்.

ஆனால் 9 மணி நேரம் அடக்குவது தொடர்ந்தால் இந்தப் பயிற்சி மட்டும் போதாது. மதிய இடைவேளையில் ஒரு தடவையாவது போயே ஆக வேண்டும். சுத்தமான கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை. மற்ற ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் அந்தரத்தில் பாதி குந்தாதீர்கள். தொடையும் அடியிடுப்பும் இறுகியே இருப்பதால் பை முழுதாகக் காலியாகாது. இருக்கையைத் துடைத்துவிட்டு நன்றாக உட்காருங்கள். இந்திய முறைக் கழிப்பறையில் பாதத்தை ஊன்றி முழுதாகக் குந்தினால் இந்தப் பிரச்சினை இல்லை.

தண்ணீரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், டீ காபியைக் குறைத்துப் பாருங்கள். ஒரு தடவை யூரின் டெஸ்டும் சர்க்கரை அளவும் பார்த்துவிடுவது நல்லது, தொற்றும் சர்க்கரை நோயும் இதே மாதிரி அவசரத்தைக் கொடுக்கும். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் பயிற்சி என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். கால் மரத்து, சிறுநீரே பிரியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும்.